ஆப்பிரிக்கக் காபியை வறுக்காமல் இறக்குமதி செய்வது ஏன்?

பச்சைக் கொட்டை என்பது பழத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு நன்கு உலர்ந்த, ஆனால் இன்னும் வறுக்கப்படாத காபி விதை. எத்தியோப்பியாவின் யிர்காசெஃபே போன்ற மலைப்பகுதியில் விளையும் உயர்தரக் காபி, ஜிபூட்டி துறைமுகத்தில் கப்பலேறி அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டின் அலமாரியை அடைய மாதங்கள் ஆகலாம் என்பதால், இறக்குமதியாளர்கள் பெரும்பாலும் அதை 60 கிலோ சணல் மூட்டைகளில் பச்சையாகவே வாங்கி, அமெரிக்காவில் வறுக்க ஏற்பாடு செய்கிறார்கள். மூட்டை அரிசி மாதக்கணக்கில் கெடாது, வடித்த சோறோ மறுநாளே பழையது. வறுத்த காபியும் அப்படித்தான், சில வாரங்களிலேயே மணம் இழக்கத் தொடங்கிவிடும். வறுக்கும்போது எடை ஏறத்தாழ 15 சதவீதம் குறைவதால் 60 கிலோ மூட்டை சுமார் 51 கிலோவாகிவிடும். இதைக் கணக்கில் கொள்ளாமல் விலை வைப்பவர்கள்தான், என் பார்வையில், முதலில் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். விளையும் நாட்டில் வறுக்கத் தெரியாததால்தான் பச்சையாக அனுப்புகிறார்கள் என்று பலரும் நினைப்பது தவறு: எத்தியோப்பிய வீடுகளில் விருந்தினர் கண்ணெதிரே கொட்டையை வறுத்து, அந்தப் புகையை முகரக் கொடுத்த பிறகே காபி காய்ச்சுவது வழக்கம்.