“சோறு இல்லாம எப்படி சிஸ்டர் வளர்ப்பேன்?”

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் சிஸ்டர், நாங்க தண்டையார்பேட்டை. என் பையனுக்கு 7 வயசு. குடல்ல அழற்சி, க்ரோன்ஸ் நோய்னு சொல்லி மருந்து போயிட்டு இருக்கு. இப்ப டாக்டரும் டயட்டீஷியனும் சேர்ந்து கொஞ்ச மாசத்துக்கு தானியமே வேணாம்னு ஒரு சார்ட் குடுத்துட்டாங்க. அரிசி, கோதுமை, ரவை, ஓட்ஸ், சர்க்கரை, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. பாசிப்பருப்பு, உளுந்து, முட்டை, மீன், கறி, காய், பழம், வீட்டு தயிர், நெய், தேன் குடுக்கலாமாம். அவன் நல்லா இருந்தப்பவே இட்லி, தயிர்சாதம், அப்பளம் இந்த மூணைத் தவிர வேற எதையும் வாயில வெக்க மாட்டான். ஞாயித்துக்கிழமை அவங்க அப்பாகூட போய் அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிடுவான், அதுவும் இப்ப கட். என் மாமியார் புள்ள பாவம்னு மறைச்சு மறைச்சு சோறு ஊட்டிடறாங்க. சார்ட்டை பாத்தாலே எனக்கு அழுகையா வருது. கேழ்வரகு கூழாவது குடுக்கலாமா?

பதில்: கூழ் விஷயத்தை முதல்ல முடிச்சிடுவோம்மா, ஏன்னா இதே சந்தேகம் நிறைய பேருக்கு இருக்கு. கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி எல்லாமே தானியம்தான், சிறுதானியம் உடம்புக்கு நல்லதுன்னு நாலு பேர் சொல்றதால அது சார்ட்டுக்கு வெளியில போயிடாது. அவல், பொரி, சேமியா, சோளமாவும் அதே கணக்கு. ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்குல பண்றது, தானியம் கிடையாது, ஆனா உருளைக்கிழங்கே வேணாம்னு சொன்ன சார்ட்ல இதுவும் பெரும்பாலும் வராது, ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. கேழ்வரகை நிறுத்தினா 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் கிட்ட வர்ற கால்சியம் போயிடுது, அதை தயிர், எள்ளு, முள்ளோட சாப்பிடற நெத்திலி, முருங்கைக்கீரை இதுலதான் திருப்பி எடுக்கணும், அதையும் டயட்டீஷியன்கிட்ட கேட்டு எழுதி வாங்கிடுங்க.

அடுத்தது, எல்லாத்தையும் ஒரே நாள்ல நிறுத்தணுமா இல்ல ரெண்டு வாரம் டைம் எடுத்து குறைக்கலாமான்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. சில நேரம் உடனே நிறுத்தியாகணும், சில நேரம் கொஞ்சம் இடம் இருக்கும். இடம் இருந்தா உங்க பாதி பாரம் அங்கயே குறைஞ்சிடும், அரிசியை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு பருப்பை கூட்டி மாவு ஆட்டலாம், அவன் நாக்கும் மெல்ல பழகிக்கும்.

இப்ப உங்க பையனை பத்தி. பிடிவாதம் புடிக்கிறான்னு மட்டும் நினைக்காதீங்க. குடல்ல புண்ணு இருக்குற புள்ளைக்கு சாப்பிட்டா வலிக்கும்னு உள்ளுக்குள்ள ஒரு பயம் பதிஞ்சு போயிருக்கும், எந்த சாப்பாடு தன்னை ஒண்ணும் பண்ணலையோ அதையே புடிச்சுக்கிட்டு இருக்கும், இட்லியும் தயிர்சாதமும் அவனுக்கு அப்படி ஆகியிருக்கலாம். அதனால அடிச்சு, மிரட்டி, மூக்கை புடிச்சு ஊத்துறது, இதை சாப்பிட்டா போன் தரேன்னு சொல்றது, இதெல்லாம் அந்த பயத்தை இன்னும் கெட்டியாக்கும். என்ன சமைக்கணும், எத்தனை மணிக்கு தட்டு வெக்கணும்னு நீங்க முடிவு பண்ணுங்க, அதுல எவ்வளவு சாப்பிடணும்னு அவன் முடிவு பண்ணட்டும். ஒரு புது சாப்பாடு புள்ளைங்க கண்ணுல பத்து பதினஞ்சு தடவை பட்டாதான் சில சமயம் கை நீட்டும், முதல் தடவை துப்பிட்டான்னா அது அவனுக்கு பிடிக்காதுன்னு முத்திரை குத்திடாதீங்க, நாலு நாள் கழிச்சு ரெண்டு ஸ்பூன் மட்டும் தட்டு ஓரமா வெச்சிட்டு வேற பேச்சு பேசுங்க.

இன்னொண்ணு கவனிச்சீங்களா, அவன் சாப்பிடற மூணுல ஒண்ணரை ஏற்கெனவே உங்க சார்ட்லயே இருக்கு. தயிர் இருக்கு, உளுந்து அப்பளம் இருக்கு. அப்பள பாக்கெட் பின்னாடி மட்டும் படிங்க, சிலதுல அரிசி மாவு கலந்திருப்பாங்க. ஆக ஒவ்வொரு வேளையும் அவனுக்கு தெரிஞ்ச பொருள் ஏதாவது ஒண்ணு தட்டுல இருக்கணும், புதுசு ஒண்ணே ஒண்ணுதான் வரணும்.

இட்லிக்கு பதிலா பாசிப்பருப்பு இட்லி. ஒரு டம்ளர் பருப்பை மூணு மணி நேரம் ஊறவெச்சு, ஐஸ் தண்ணி தெளிச்சு தெளிச்சு கெட்டியா அரைச்சு, உப்பு போட்டு ராத்திரி மூடி வெச்சிடுங்க, நம்ம ஊரு வெயிலுக்கு காலையில பொங்கி நிக்கும். அதே இட்லி தட்டு, அதே துணி, அதே வட்டம், புள்ளைக்கு அந்த உருவம் ரொம்ப முக்கியம். நிறம் மட்டும் கொஞ்சம் மஞ்சளா வரும், அதை பாத்து ஒதுக்கினான்னா பாதி உளுந்து சேர்த்து அரைங்க, வெளுப்பா வரும். நீர்க்க அரைச்சுட்டா தட்டையா ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்ப பணியாரக் கல்லுல நெய் விட்டு ஊத்திடுங்க, ஓரம் மொறுமொறுன்னு இருந்தா அப்பளம் பிடிச்ச புள்ளைக்கு அதுவும் பிடிக்க வாய்ப்பு இருக்கு.

தயிர்சாதத்துக்கு காலிஃப்ளவரை துருவி அஞ்சு நிமிஷம் ஆவி காட்டி, துணியில போட்டு நல்லா பிழிஞ்சு தண்ணியை எடுத்துட்டு, தயிர் ஊத்தி கடுகு தாளிச்சு குடுத்து பாருங்க. சாதம்னு சொல்லி குடுக்காதீங்க, முதல் வாயிலயே கண்டுபிடிச்சிடுவான், அப்புறம் நீங்க குடுக்குற எதையும் நம்ப மாட்டான். இது புதுசு, தயிர் போட்டிருக்கேன்னு நேராவே சொல்லுங்க. காலிஃப்ளவர் சில புள்ளைங்களுக்கு வாயு பண்ணும், அதனால கொஞ்சமா ஆரம்பிங்க, ஒத்துக்கலைன்னா சுரைக்காய் துருவல்.

நீங்க இருக்குற இடம் உங்களுக்கு பெரிய துணை. காசிமேடு பக்கத்துல இருக்குறவங்களுக்கு மீனுக்கு என்ன பஞ்சம். கிழங்கான், சங்கரா மாதிரி வெள்ளை சதை மீனை மஞ்சள் உப்பு போட்டு வேகவெச்சு, முள்ளை விரலால தடவி தடவி எடுத்துட்டு, வெங்காயம், பூண்டு, கொஞ்சம் தேங்காய்ப்பூ போட்டு சுறா புட்டு மாதிரியே உதிர்த்து கிளறிடுங்க. சுறாவையே ஏன் வேணாம்னா அது பெரிய மீன், உடம்புல பாதரசம் அதிகமா சேர்ந்திருக்கும், சின்ன புள்ளைக்கு அடிக்கடி குடுக்கக்கூடாது, பெரிய வஞ்சிரமும் அப்படித்தான்.

அத்தோவை நினைச்சு அவன் ஏங்குறது வெறும் நூடுல்ஸுக்காக மட்டும் இருக்காது, அப்பாகூட போறதும் அதுல இருக்கு. 1960-கள்ல பர்மாவுல இருந்து திரும்பி வந்தவங்க கொண்டு வந்த சாப்பாடு அது, அதே கடையில முட்டை மசாலான்னு ஒண்ணு குடுப்பாங்க இல்ல, அதுக்கு தானியம் தேவையே இல்ல. வெங்காயத்தையும் பூண்டையும் மெலிசா சீவி பொன்னிறமா வறுத்து எடுத்துக்கோங்க, அவிச்ச முட்டையை நடுவுல கீறி அதை உள்ள அடைச்சு, ரெண்டு சொட்டு புளித்தண்ணி, உப்பு, அவன் வயிறு தாங்குற அளவுக்கு துளி மிளகாத்தூள். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவங்க அப்பாவே உக்காந்து பண்ணி குடுக்கட்டும், வெங்காயத்தை அடைக்கிற வேலையை பையன்கிட்ட குடுங்க. கையால தொட்டு பண்ணினதை வாயில வெக்க பல புள்ளைங்க கொஞ்சம் துணியுதுங்க.

மறைஞ்சு வர்ற தானியம் ஒரு பெரிய தொல்லை. கடையில வாங்குற கூட்டுப் பெருங்காயத்துல மைதாவோ அரிசி மாவோ கலந்திருக்கும், லேபிள்லயே போட்டிருக்கும். குழம்பு மிளகாத்தூள் அரைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசி சேர்க்குறது பல வீட்ல பழக்கம், மிஷின்ல உங்களுக்கு முன்னாடி கோதுமை அரைச்சிருந்தா அதுவும் ஒட்டிக்கிட்டு வரும், அதனால அவனுக்கு மட்டும் தனியா மிக்ஸியில கொஞ்சமா அரைச்சு வெச்சிடுங்க. ஹார்லிக்ஸ் மாதிரி மால்ட் பவுடர்ல கோதுமையும் பார்லியும் இருக்கு, சோயா சாஸ்ல கோதுமை இருக்கு, பொட்டிக்கடை குர்குரேல அரிசியும் சோளமும் இருக்கு. மாத்திரையில கூட ஸ்டார்ச் இருக்கலாம், அதுக்காக எந்த மருந்தையும் நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டி கேளுங்க.

உங்க மாமியாரோட சண்டை போடாதீங்கம்மா. பேரனுக்கு சோறு குடுக்காம இருக்குறது அவங்களுக்கு பட்டினி போடுற மாதிரி தெரியுது, அவங்க வளர்ந்த காலம் அப்படி. அடுத்த செக்கப்புக்கு அவங்களையும் கூட்டிட்டு போங்க, டாக்டர் வாயால கேக்கட்டும். பாசிப்பருப்பு இட்லி ஊட்டுற வேலையை அவங்ககிட்டயே ஒப்படைங்க, ஊட்டணும்ங்கற ஆசையும் தீரும். இன்னொரு பக்கம், வீட்ல எல்லாரும் அவன் எதிர்க்க சுடச்சுட சோறு சாப்பிட்டுட்டு அவனுக்கு மட்டும் இல்லைன்னா எந்த புள்ளை தாங்கும், ராத்திரி ஒரு வேளையாவது எல்லாரும் அவன் சாப்பாட்டையே சாப்பிடுங்க. சிலிண்டர் செலவும் வேலையும் கூடத்தான் செய்யும், ஆனா கொஞ்ச மாசத்துக்கு இது அவசியம்.

ரொம்ப முக்கியமானது எடை. ஒரு கப் சாதத்துல சுமார் 200 கலோரி இருக்கு, ஒரு முட்டையில 70 சொச்சம்தான். சோத்தை எடுத்துட்டு ஒரு முட்டையை வெச்சா கணக்கு சரியாகாது, நெய், தேங்காய், டயட்டீஷியன் சரின்னு சொன்னா வறுத்து நைசா அரைச்ச வேர்க்கடலை, இதெல்லாம் சேர்த்தாதான் ஈடு கட்டும். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரே மெஷின்ல எடை பாத்து நோட்ல எழுதுங்க. எடை இறங்கினா, ஒண்ணுக்கு போறது குறைஞ்சா, சோர்ந்து படுத்தா, சாப்பிடற நாலு ஐட்டமும் ரெண்டா சுருங்கினா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம போயிடுங்க. இந்த சார்ட்டை அவனால முடியலைன்னு டாக்டர்கிட்ட சொல்றதுல எந்த தப்பும் இல்ல. வளர்ற புள்ளைக்கு வளர்ச்சி நிக்கக்கூடாது, சார்ட்டை மாத்திக்கலாம். க்ரோன்ஸ் வந்த குழந்தைங்களுக்கு சில வாரம் முழுக்க ஊட்டச்சத்து பானம் மட்டும் குடுக்குற முறையும் இருக்கு, அதையும் கேட்டு பாருங்க.

கேள்வி: என் பொண்ணுக்கு 5 வயசு, அடிக்கடி வயித்து வலி. யூடியூப்ல பாத்துட்டு கோதுமை, அரிசி எல்லாத்தையும் நிறுத்திடலாம்னு இருக்கேன். செய்யலாமா? ஒரு வாசகி, பெரம்பூர்.

பதில்: தயவுசெஞ்சு இப்ப நிறுத்தாதீங்கம்மா. கோதுமையால வர்ற சீலியாக் நோய் இருக்கான்னு ரத்தத்துல பாக்குற டெஸ்ட், புள்ளை கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது எடுத்தாதான் சரியா காட்டும். நிறுத்திட்டு போனா நோய் இருந்தும் இல்லைன்னு வந்துடலாம். 1924-ல நியூயார்க்ல சிட்னி ஹாஸ்னு ஒரு குழந்தை டாக்டர், சீலியாக் புள்ளைங்களுக்கு ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாத்தையும் நிறுத்திட்டு வாழைப்பழம் குடுத்து தேத்தினாரு, வாழைப்பழம்தான் குணமாக்குதுன்னு ரொம்ப வருஷம் நம்பினாங்க. நெதர்லாந்துல டிக்கேங்கற டாக்டர்தான், 1944-45 பஞ்சத்துல ரொட்டி கிடைக்காம போனப்ப இந்த புள்ளைங்க தேறினதையும், ரொட்டி திரும்ப வந்ததும் படுத்துட்டதையும் பாத்து, கோதுமைதான் காரணம்னு 1950-ல ஆய்வா எழுதினாரு. சீலியாக்கே இருந்தாலும் அரிசியை நிறுத்த வேண்டிய அவசியம் இல்ல. வயித்து வலிக்கு மலச்சிக்கல், பூச்சி, யூரின் இன்ஃபெக்‌ஷன்னு எத்தனையோ காரணம் இருக்கு, முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: என் பேத்திக்கும் டாக்டர் தானியம் வேணாம்னு சொல்லியிருக்காரு. கார்ப்பரேஷன் ஸ்கூல்ல காலை சாப்பாடு, மதிய சாப்பாடு ரெண்டுமே அங்கதான். என்ன பண்றது? ஒரு தாத்தா, திருவொற்றியூர்.

பதில்: ஐயா, 2022-ல ஆரம்பிச்ச காலை உணவுல உப்புமா, கிச்சடி, பொங்கல்தான் வரும், அது அவளுக்கு ஆகாது, காலையில வீட்லயே சாப்பிட வெச்சு அனுப்புங்க. மதியம் சத்துணவுல குடுக்குற முட்டையை மட்டும் வாங்கிக்கலாம், சாதத்தோட சேர்த்து வெக்காம அவ டப்பாவுல தனியா வெக்க சொல்லுங்க. டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி ஹெச்.எம். கிட்டயும் சத்துணவு அம்மாகிட்டயும் காட்டிடுங்க, லெட்டரை ஒரு ஜெராக்ஸ் எடுத்து புள்ளையோட பையிலயும் வெச்சிடுங்க, டீச்சர் மாறினாலும் தெரியும்.