பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே: ராக் இசை கேள்வி – பதில்

கேள்வி: பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கில ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தை என் மகன் போனில் ஏற்றிக் கொடுத்தான். ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் விக்கல் எடுத்த மாதிரி வெட்டுகிறது. பதிவே அப்படித்தானா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பதிவில் குறை இல்லை சார். 1973-ல் வந்த அந்த ஆல்பத்தில் மொத்தம் பத்து உருப்படிகள், இசைத்தட்டின் பக்கத்துக்கு ஐந்து. தட்டைத் திருப்பிப் போடும் இடத்தைத் தவிர ஒன்றின் வால் அடுத்ததன் தலைக்குள் போய்விடும். எம்பி3 ஆக்கும்போது ஃபைலின் முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்று ஒலி சேரும். நொடியில் நூற்றில் சில பங்குதான், ஆனாலும் தொடர் இசையில் அது பள்ளமாகக் கேட்கும்.

பிளேயர் செட்டிங்கில் ‘கேப்லெஸ்’ (பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டுவது) இருந்தால் போட்டுவிடுங்கள். ‘கிராஸ்ஃபேட்’ பூஜ்யத்தில் இருக்கட்டும். பள்ளத்தை மூட அதைக் கூட்டுகிறவர்கள் உண்டு, அது இரண்டு பாட்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் குழப்பும். வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் கூடவே கூடாது. முடிந்தால் சிடியிலிருந்து எடுத்த, ஒலி குறையாமல் சுருக்கும் ஃபிளாக் (FLAC) ஃபைல்களாக வாங்குங்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்கக் கடைசி இரண்டு பாட்டுகள் போதும்: ‘பிரெயின் டேமேஜ்’ முடிந்து ‘எக்லிப்ஸ்’ தொடங்கும் இடத்தில் தாளம் தடுக்கக் கூடாது.

கான்செப்ட் ஆல்பம், அதாவது ஒரே கருவைச் சுற்றிக் கட்டிய ஆல்பம், என்றாலே கதை வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இதில் கதையே கிடையாது. காலம், பணம், சாவு, புத்தி பேதலிப்பு என்று ஒரு மனிதனை அழுத்துகிறவை வரிசையாக வருகின்றன. இதயத் துடிப்பில் தொடங்கி இதயத் துடிப்பிலேயே முடிகிறது. அந்த வரிசையும் ஒட்டும்தான் ஆல்பம்.

கேள்வி: அதே ஆல்பத்தில் ‘மணி’ (Money) பாட்டு ஏழு அட்சரம். நம்ம மிஸ்ர சாப்புதானே? தவிலில் கூட வாசிக்கப் பார்த்தேன், ஒட்ட மாட்டேங்குது.
– தவில் பயிலும் வாசகர், செங்கோட்டை

பதில்: எண்ணிக்கை சரிதான் அண்ணாச்சி, நடைதான் இடிக்கிறது. ‘தகிட தகதிமி’ என்று 3, 4 ஆகப் பிரித்து அழுத்தினால் பேஸ் கிட்டார் உங்களை விட்டு விலகிப் போகும். அந்த பேஸ் வரியில் எட்டு ஸ்வரங்கள். ஏழு தட்டில் இரண்டாவது தட்டு மட்டும் இரண்டாக உடைகிறது, அதுவும் சரிபாதியாக இல்லை: முதல் ஸ்வரம் நீளம், அடுத்தது குட்டை. ஒவ்வொரு தட்டையும் திஸ்ரமாக, அதாவது மூன்றாகப் பிரித்து, தட்டுக்கு ஒரு ‘தகிட’ என்று ஏழு முறை மனதில் ஓட்டினால் அந்த உடைப்பு தானாக வந்து உட்காரும். தட்டை நாலாகப் பிரிக்கும் சதுஸ்ரத்தில் வைத்ததால்தான் ஒட்டவில்லை.

தட்டு எண்ணிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80-ல் வைத்து, முதல் தட்டுக்குத் தனி ஒலி கொடுக்காமல் பழகுங்கள். சாக்ஸஃபோன் தனி ஏழிலேயே போகும். கிட்டார் தனி வந்ததும் நாலுக்கு மாறிவிடும். திரும்ப ஏழுக்கு வரும் இடத்தில்தான் பெரும்பாலான குழுக்கள் கவிழ்கின்றன. அங்கே கிட்டாரை நம்பாதீர்கள், பேஸ் ஆளைப் பார்த்து இறங்குங்கள்.

கேள்வி: அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கல்லாப்பெட்டியும் சில்லறையும் தாளத்தோடு ஒலிக்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படிச் செய்தார்கள்? எங்கள் கல்லூரிக் குழுவுக்கு அப்படி ஒன்று வேண்டும்.
– மாணவர், நகரி

பதில்: கத்தரித்து ஒட்டியதுதான். சில்லறை, கிழிபடும் காகிதம், கல்லாப்பெட்டி என்று தனித்தனியாகப் பதிந்து, டேப்பை ஸ்கேலால் அளந்து வெட்டி வளையமாக ஒட்டினார்கள். நொடிக்கு 15 அங்குலம் ஓடும் டேப்பில், நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்தால் ஒரு தட்டுக்கு ஏழரை அங்குலம். ஏழு தட்டுக்கு ஐம்பத்திரண்டரை அங்குலம், அதாவது நாலடிக்கு மேல். அது தொய்யாமல் சுற்ற மைக் ஸ்டாண்டில் மாட்டி ஓட்டுவார்கள்.

உங்களுக்கு ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டி ஒட்டும் மென்பொருள் போதும். அதே வேகத்தில் ஒவ்வொரு துண்டும் அரை நொடி, மொத்தம் மூன்றரை நொடி. ‘ணங்’ என்று அடி விழும் புள்ளியிலேயே வெட்டுங்கள். அதற்கு முன்னால் துளி அமைதி மிஞ்சினாலும் அந்தத் தட்டு பின்தங்கும். திரையில் தெரியும் ஒலி அலை நடுக்கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டாவிட்டால் ‘டிக்’ சத்தம் வரும். முடித்ததைச் சுருக்காத வேவ் (WAV) ஃபைலாகவே சேமியுங்கள். எம்பி3 ஆக்கினால் கொழிஞ்சாம்பாறை சாருக்கு வந்த விக்கல் உங்களுக்கும் வரும், அதுவும் மூன்றரை நொடிக்கு ஒரு தடவை.

கேள்வி: பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ (The Wall) ஆல்பம் கேட்டேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.
– வாசகி, களியக்காவிளை

பதில்: அதற்குத் தலையும் வாலும் ஒன்றுதான். 1979-ல் வந்த இரட்டைத் தட்டு, 26 பாட்டுகள். கடைசிப் பாட்டின் முடிவில் பாதியில் நிற்கும் ஒரு வாக்கியம் முதல் பாட்டின் தொடக்கத்தில் முடிகிறது. இதில் கதை உண்டு: போரில் அப்பாவை இழந்த பிங்க் என்ற பாடகன், அம்மா, வாத்தியார், முறிந்த கல்யாணம் என்று ஒவ்வொன்றையும் செங்கல்லாக அடுக்கித் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்கிறான். எல்லோருக்கும் தெரிந்த பள்ளிக்கூடப் பாட்டு, ‘அனதர் பிரிக் இன் தி வால்’ என்பதன் மூன்று பாகங்களில் இரண்டாவது மட்டுமே. மூன்று பாகங்களையும் முதலில் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு முழு ஆல்பத்தையும் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று கேளுங்கள். ஒரே மூச்சில் வேண்டாம். இரண்டாம் தட்டில் கொஞ்சம் இழுவை உண்டு.