யோக்யகர்த்தாவுக்கு (இந்தோனேசியாவின் ஜாவா தீவில்) அப்பா அம்மாவுடன் போகிறோம் (அப்பாவுக்கு 70, முட்டி வலி). பிரம்பானான் சிவன் கோவிலில் பூஜை, தரிசனம் உண்டா? ஊருக்குள் வேறு என்ன பார்க்கலாம்?

தாராளமாகப் போங்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி பூஜை, தரிசனம் எல்லாம் கிடையாது. இதைக் கிளம்புவதற்கு முன்பே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் என் அம்மாவிடம் சொல்லவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

'ஜாவாவில் ஆயிரத்து நூறு வருஷத்துச் சிவன் கோவில் இருக்கிறதாம்' என்று உங்கள் வீட்டில் யாரோ ஆசையைக் கிளப்பிவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்தது நான். அம்மாவுக்கு அப்போது 66 வயது, பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். கோலாலம்பூர் வழியாகப் போனோம். விமான நிலையம் ஊரிலிருந்து வெகுதூரம், ஆனால் அங்கிருந்தே ரயில் இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் ஊருக்குள் வந்துவிடலாம். டாக்சிக்குக் கொட்டிக் கொடுக்க வேண்டாம்.

பிரம்பானான் ஊருக்குக் கிழக்கே 17 கிலோமீட்டர். காலையிலேயே அம்மா தலைக்குக் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டார். மொத்தம் 240 சன்னதிகள் இருந்த வளாகம் அது. பெரும்பாலானவை இன்றும் கற்குவியல்தான். நடுவில் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் தனித்தனிக் கோவில். சிவன் கோவில் 47 மீட்டர் உயரம். மேலே ஏறுகிறவர்களுக்கு ஹெல்மெட் தந்தார்கள். 2006 நிலநடுக்கத்தில் நிறைய கற்கள் விழுந்த இடம், காரணம் இருக்கிறது. அம்மாவின் கொண்டை மேல் அது உட்காரவே இல்லை. 'கோவிலுக்குள்ள தலையில சட்டியைக் கவுத்துக்கிட்டா போவாங்க?' என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். படிகள் செங்குத்து. உங்கள் அப்பாவை அவசரப்படுத்தாதீர்கள்.

கிழக்கு வாசல் வழியாகப் போனால் நடு அறையில் சிவன். லிங்கம் இல்லை, ஆள் உயரத்துக்கும் மேலே நின்ற கோலம். விளக்கு இல்லை, மணி இல்லை, எண்ணெய் வாசம் இல்லை. செல்போன் டார்ச்சில்தான் முகம் பார்த்தோம். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டது இதுதான்: 'சாமிக்கு இடுப்புல ஒரு துண்டுகூடக் கட்டி விடலையேடா, இவரை யாரு குளிப்பாட்டுறா?'

என்னிடம் பதில் இல்லை. சுற்றிக்கொண்டு தெற்கு அறைக்குப் போனோம். உள்ளே தாடியும் தொந்தியுமாக ஒருவர் நிற்கிறார். நான் பலகையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அம்மா, 'டேய், அகத்தியர்டா!' என்று கத்திவிட்டார். பொதிகை மலை அடிவாரத்தில், பாபநாசத்துக்குப் போய் வந்து வளர்ந்தவர். அவருக்குப் பலகை எதற்கு? சரியாகத்தான் சொன்னார். மேற்கே பிள்ளையார், வடக்கே மகிஷன் மேல் நிற்கும் துர்க்கை, தெற்கே அகத்தியர், அதுதான் அங்கே அமைப்பு. (துர்க்கையை ஊர்க்காரர்கள் லோரோ ஜோங்ராங் என்கிற இளவரசி என்பார்கள். தன்னை மணக்கக் கேட்டவனை ஒரே இரவில் ஆயிரம் சிலை செய்யச் சொல்லி, 999 முடிந்ததும் பொழுது விடிந்த மாதிரி ஏமாற்றி, அவன் சாபத்தில் ஆயிரமாவது சிலையாகச் சமைந்தவளாம்.)

நான் துர்க்கையைப் பார்க்க நகர்ந்த இரண்டு நிமிடத்தில் அம்மா கைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்து, அகத்தியர் காலடியில் வைத்து, தீக்குச்சியைக் கிழித்துவிட்டார். காவலர் ஓடி வந்தார். 'இபு, இபு' என்று கும்பிட்டபடியே கையை மறித்தார். அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் அதட்டவே இல்லை. அதட்டியது நான். ஆயிரம் வருஷத்துக் கல்லில் கரி பிடிக்கும் என்று அத்தனை பேர் முன்னால் பாடம் எடுத்தேன். அம்மா கற்பூரத்தைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டு, விபூதியைத் தன் நெற்றியில் பூசி, எனக்கும் பூசிவிட்டு, மதியம் வரை என்னோடு பேசவில்லை.

'பாரம்பரியச் சின்னத்தில் தீ வைப்பதா, படித்த குடும்பம்தானே' என்று கருத்துப் பெட்டிக்கு வரப்போகிறவர்களுக்கு: காவலர் செய்தது சரிதான். தப்பு என்னுடையது. கோவில் என்று சொல்லிக் கூட்டிப் போனால் அவர் கோவிலுக்குப் போகிற மாதிரிதானே வருவார்? வழிபாடே கிடையாது என்றும் இல்லை. நியெப்பி என்கிற பாலி இந்துப் புத்தாண்டுக்கு முந்தின நாள் இந்துக்கள் கூடி அங்கே பெரிய சடங்கு செய்கிறார்கள். மற்ற நாளில் நாம் டிக்கெட் வாங்கிய சுற்றுலாப் பயணிகள், அதுவும் வெளிநாட்டவர் கட்டணத்தில். உள்ளூர்க்காரர் தருவதைப் போலப் பல மடங்கு. மாமல்லபுரத்தில் நாமும் அதைத்தான் செய்கிறோம் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவின் கோபத்தைக் கொஞ்சம் தணித்தவை மீன்கள். பிராகாரச் சுவரின் உட்பக்கம் ராமாயணம் வரிசையாகச் செதுக்கியிருக்கிறது, வலம் வந்தபடி பார்க்கலாம். கடைசியில் சேது கட்டும் காட்சி. குரங்குகள் கல்லைத் தூக்கிக் கடலில் போட, கீழே மீன்கள் அந்தக் கற்களை வாயில் கவ்விக்கொண்டிருக்கின்றன. அம்மா அங்கேயே நின்று மீன்களை எண்ணினார்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பயணத்துக்கு என் தம்பி ஒரு ரூபாய் தரவில்லை. 'வயசான காலத்துல அவங்களை ஏன் அலையவிடுற' என்றுதான் உபதேசம். ஆனால் நான் அனுப்பிய படத்தை 'ராஜேந்திர சோழன் கட்டிய கோவிலில் அம்மா' என்று ஸ்டேட்டஸ் வைத்து, சொந்தக்காரர்களிடமெல்லாம் பாராட்டு வாங்கிக்கொண்டான். கோவில் 9ஆம் நூற்றாண்டு. 856ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்லும் சிவன் கோவில் இதுதான் என்பது அறிஞர்கள் கருத்து. ராஜேந்திரன் கப்பல் அனுப்பியது 1025இல், அதுவும் சுமத்ராவில் இருந்த ஸ்ரீவிஜய அரசின் மேல். கட்டியவர்கள் ஜாவாக்காரர்கள். அவர்கள் எழுத்துக்கு மூலம் பல்லவர் எழுத்து என்பது உண்மை, அந்தப் பெருமை போதாதா? சொன்னால் 'நீ தமிழனா' என்கிறான். சரி, விடுங்கள்.

மறுநாள் கொத்தகெதே போனோம். மாதராம் என்கிற இஸ்லாமிய அரசு தொடங்கிய பழைய தலைநகர், இப்போது யோக்யகர்த்தாவுக்குள்ளேயே வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த பேட்டை. பள்ளிவாசலுக்குப் பின்னால் அரசர் செனோபதியின் சமாதி. செங்கல் வாசல்களைப் பார்த்தால் இந்துக் கோவில் என்றே நினைப்பீர்கள். உள்ளே போக ஜாவா உடை கட்டாயம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். எனக்குக் கோடு போட்ட முழுக்கைச் சட்டையும் பாத்திக் வேட்டியும். பெண்கள் மார்புவரை துணி சுற்றித் தோள் தெரியப் போக வேண்டும். 'புடவையை அவுத்துட்டா? நீ போய்ட்டு வா' என்று அம்மா ஆலமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது, செருப்பு கூடாது. சாம்பிராணிப் புகை, சமாதி மேல் ரோஜா இதழ்கள், வாய்க்குள் முணுமுணுக்கும் பெரியவர்கள். நாகூர் போனவர்களுக்குப் புரியும். செனோபதியின் மருமகன் மாங்கிர், எதிரியும்கூட. அவர் சமாதியைப் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள். பாதி மாப்பிள்ளை, பாதி பகை! அம்மா பிரம்பானானில் தேடியது இங்கே இருந்தது, அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்தபோது அம்மா, பக்கத்தில் இருந்த பெண்மணி தந்த இதழ்களை மடியில் வைத்துக்கொண்டு, மொழி தெரியாமலேயே அவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

உங்களுக்கு வேண்டியது: மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை சுல்தான் அரண்மனை மூடல், போரோபுதூர் என்கிற பெரிய பௌத்தக் கோவிலிலும் அன்று மேலே ஏற விடமாட்டார்கள். மற்ற நாளிலும் ஏறுவதற்குத் தனி டிக்கெட், ஆள் கணக்கு உண்டு, முன்பதிவு செய்யுங்கள். கொத்தகெதே சமாதி எல்லா நாளும் திறக்காது, விசாரித்துவிட்டுப் போங்கள். சைவம் என்றால் குடேக் என்கிற பலாக்காய்ப் பதார்த்தத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கூட வரும் சிவப்புக் குழம்பில் மிதப்பது மாட்டுத்தோல். கற்பூரம் வீட்டிலேயே இருக்கட்டும். விபூதி கொண்டு போங்கள், அதை எங்களிடம் யாரும் தடுக்கவில்லை.