தேனீ கொட்டினால் – கடிதம்

வணக்கம்.

மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். ஆறாவது மாடி சன்ஷேடுக்கு அடியில் பெரிய தேன்கூடு ஒன்று தொங்குகிறது. போன வாரம் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போன என் மாமியாரைத் தேனீ கொட்டிவிட்டது. சுண்ணாம்பு தடவினோம். ஆனாலும் கை முழங்கை வரைக்கும் வீங்கி இரண்டு நாள் அவதிப்பட்டார். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் "ராத்திரியில் ஆள் வைத்துக் கொளுத்திவிடலாம்" என்று பேச்சு ஓடுகிறது. ஏழாவது படிக்கும் என் மகனுக்கோ இதில் வேறு ஆர்வம். உலகத்திலேயே அதிகமாக வலிப்பது எந்தப் பூச்சி கொட்டினால் என்று யூடியூபில் தேடித் தேடிப் பார்க்கிறான். புல்லட் எறும்பு என்கிறான். நம் ஊரில் தேனீயைவிட மோசமானது எது என்று கேட்டு என்னைத் துளைக்கிறான். அவனுக்கு என்ன சொல்வது? மாமியாரை மறுபடியும் கொட்டினால் உயிருக்கு ஆபத்தா? கூட்டை என்ன செய்வது?

எஸ்., மடிப்பாக்கம்

அன்புள்ள எஸ்.,

பையனிடமிருந்து தொடங்குகிறேன். அவன் சொல்வது சரிதான். மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா மழைக்காடுகளில் இருக்கும் புல்லட் எறும்புக்குத்தான் வலியில் முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். வெனிசுவேலாவில் அதை 'இருபத்துநான்கு மணி எறும்பு' என்பார்கள். கொட்டினால் வலி ஒரு நாள் முழுக்க அலையலையாக வரும். பிரேசிலில் சாத்தெரே மாவே என்ற பழங்குடியினர் இந்த எறும்புகளைக் கொடுக்கு உள்பக்கம் இருக்கும்படி ஓலைக் கையுறையில் வைத்துப் பின்னுவார்கள். வயதுக்கு வரும் பையன்கள் அதற்குள் கையை விட்டு நிற்க வேண்டும். ஒரு தடவையோடு முடியாது, பல தடவை அதைச் செய்ய வேண்டும்.

இந்த முதலிடத்தைக் கொடுத்தவர் ஜஸ்டின் ஷ்மிட் என்ற அமெரிக்கப் பூச்சியியல் அறிஞர். அரிசோனாவில் வாழ்ந்தவர், 2023இல் காலமானார். கொட்டும் பூச்சிகளைத் தேடிப்போன இடங்களில் தான் கொட்டு வாங்கிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் போட்டார். தேனீக்கு 2. அதுதான் மற்றதையெல்லாம் அளக்கும் அடிப்படை. புல்லட் எறும்புக்கு 4. பெரிய சிலந்திகளை வேட்டையாடும் 'டாரன்டுலா ஹாக்' குளவிக்கும் 4. அந்தக் குளவி கொட்டினால் எங்காவது மோதிக்கொள்ளாமல் தரையில் படுத்துக் கத்துவதே நல்லது என்று அவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார்.

யூடியூப் பார்க்கும் பையன்களுக்கு இதுவரைதான் போய்ச் சேருகிறது. ஷ்மிட் இந்தப் பட்டியலை ஏன் போட்டார் என்பது போய்ச் சேருவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அவர் வலிக்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கையும் வைத்துப் பார்த்தார்: அந்த விஷம் உடம்புக்கு உண்மையில் எவ்வளவு கெடுதல் செய்கிறது? இரண்டும் ஒத்துப்போகவில்லை. வலியில் 4 வாங்கிய சிலந்தி வேட்டைக் குளவியின் விஷம் நமக்கு அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. சில நிமிஷம் உலகமே இருண்டுபோகும், அப்புறம் எழுந்து வேலையைப் பார்க்கலாம். அமெரிக்கப் பாலைவனங்களில் விதை சேகரிக்கும் ஓர் எறும்பு இருக்கிறது. வலியில் அதற்கு 3தான். ஆனால் எலிகளில் சோதித்தபோது அதன் விஷம் தேனீ விஷத்தைப்போல் இருபது மடங்கு வீரியமாக இருந்தது. அவ்வளவு கடுமையான பூச்சி விஷம் வேறு தெரியவரவில்லை.

தனியாக வாழும் குளவிக்குக் காப்பாற்ற வேண்டியது தன் உயிர் மட்டும்தான். எதிரி ஒரு நொடி உதறிவிட்டால் போதும், பறந்து தப்பிவிடும். அதற்கு வலி மட்டும் போதும். கூட்டமாக வாழ்கிற எறும்புக்கும் தேனீக்கும் கதை வேறு. கூட்டுக்குள் ஆயிரக்கணக்கில் புழுக்கள், தேன், ராணி என்று எல்லாம் இருக்கின்றன. ஒரு கரடியோ மனிதனோ சாப்பாட்டுக்காக ஒரு தடவை வலியைப் பொறுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் அங்கே வலிக்குப் பின்னால் நிஜமான விஷமும் இருக்கிறது.

நம் வீட்டு மண்குளவியையே பாருங்கள். ஜன்னல் மூலையிலும் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்திலும் உருண்டை உருண்டையாக மண் அப்பி வைத்திருக்கும். குளவி புதிதாக மண்ணால் மூடிவைத்த ஓர் அறையைப் பிளந்து பார்த்தால், உள்ளே சின்னச் சின்னச் சிலந்திகள் கால்களை மடக்கி நெருக்கிக் கிடக்கும். காய்ந்திருக்காது. தொட்டால் மெத்தென்று இருக்கும், சிலது காலை லேசாக அசைக்கும். அவற்றின்மேல் அரிசி போன்ற முட்டை ஒன்று ஒட்டியிருக்கும். இன்னொரு வகைக் குளவி சிலந்திக்குப் பதிலாகப் பச்சைப் புழுவை வைக்கும். புழுவைக் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப்போலவே ஆக்கிவிடும் என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்தக் கூட்டைப் பார்த்துத்தான். கொண்டுபோய் வைத்தது புழு, வெளியே வந்தது குளவி, கண்ணால் பார்த்தவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? உண்மையில் கொட்டியது இரை செத்து அழுகாமல், ஓடியும் போகாமல் கிடப்பதற்காக. குளவிக்குஞ்சு முட்டையிலிருந்து வந்ததும் அதைத் தின்று வளர்கிறது. இந்தக் குளவிக்கு நம்மைக் கொட்டுவதில் அக்கறையே கிடையாது. கையால் பிடித்து நசுக்கினால் ஒழிய ஒன்றும் செய்யாது. உங்கள் வீட்டில் அந்தக் கூடு இருந்தால் பையன் தினமும் பார்க்கட்டும். யூடியூபைவிட நல்ல படம்.

அவன் கேட்ட இன்னொரு கேள்வி, நம் ஊரில் தேனீயைவிட மோசமானது எது என்பது. கதண்டு. உடம்பெல்லாம் கறுத்து, வயிற்றில் மஞ்சள் பட்டையோடு விரல் பருமனுக்கு வரும் பெரிய குளவி. சென்னைக்குள் குறைவு, புறநகர் பனைமரங்களில் உண்டு. தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் கதண்டு கடித்து இறந்தவர்கள் பற்றிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. அதன் கொடுக்கில் தேனீக்கு இருப்பது போன்ற பெரிய முள் இல்லாததால் ஒன்றே திரும்பத் திரும்பக் கொட்டும். அந்தக் கூட்டை யாரும் சொந்தமாகக் கலைக்கப் போகக் கூடாது. தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்ல வேண்டியதுதான்.

அப்புறம் பூங்காக்களிலும் வீட்டு மரங்களிலும் பட்டையில் ஏறி இறங்கும் ஒல்லியான எறும்பு ஒன்று உண்டு. தலையும் வயிறும் கறுப்பு, நடுவுடல் செம்மஞ்சள். கட்டெறும்பு கடிக்கத்தான் செய்யும், இது கொடுக்கால் கொட்டும். சுருக்கென்று வலித்து அடங்கிவிடும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் இது கொட்டி ஒவ்வாமையில் மூச்சு அடைத்து விழுந்தவர்களை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மழைக்காலத்தில் முருங்கை மரத்தில் அப்பிக்கொள்ளும் கம்பளிப்பூச்சி வெறும் அரிப்போடு சரி. இரவில் டியூப்லைட்டைத் தேடி வரும் ஆரஞ்சும் கறுப்புமான மெல்லிய பூச்சி கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நாம் அதை நசுக்கித் தேய்த்தால்தான் அதன் உடம்புச் சாறு தோலில் பட்டு, மறுநாள் தீப்பட்டதுபோல் கொப்புளம் வரும். சிலந்தி எச்சம் பட்டுவிட்டது என்று பாவம் சிலந்தியின்மேல் பழி போடுவோம். உடம்பில் ஊர்ந்தால் ஊதித் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

தேள் பூச்சியினம் இல்லைதான், அதற்கு எட்டுக் கால். ஆனாலும் அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. மகாராஷ்டிராவில் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், செந்தேள் கொட்டியவர்களின் பக்கத்திலேயே உட்கார்ந்து பல்லாண்டு கவனித்தவர். கொட்டிய இடத்தில் உயிர் போகிற வலி என்று துடித்தவர்கள் பெரும்பாலும் பிழைத்தார்கள். வலி அவ்வளவாக இல்லாமல், உடம்பு வியர்த்து, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டுப்போனவர்களுக்குத்தான் இதயம் பாதிக்கப்பட்டிருந்தது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் பிராசோசின் மாத்திரை அவர்களைக் காப்பாற்றும் என்று அவர் 1980களில் எழுதினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வலிக்கவில்லையே என்று வீட்டில் படுக்க வைத்துவிட்ட குடும்பங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறுவதில்லை.

இனி உங்கள் மாமியார். வலியும் வீக்கமும் எவ்வளவு என்று பார்க்காதீர்கள். எங்கே என்று பாருங்கள். கொட்டிய கை முழங்கை வரை வீங்கினாலும் அது அந்தக் கையோடு நிற்கிறது. இப்படி வீங்கியவர்களுக்கு அடுத்த முறை உயிராபத்து வரும் வாய்ப்பு குறைவுதான். பயப்பட வேண்டியது கொட்டிய இடத்தை விட்டு உடம்பின் வேறு பக்கம் ஏதாவது நடந்தால்: கை கொட்டுப்பட்டிருக்க வயிற்றிலும் முதுகிலும் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலை சுற்றிக் கீழே சாய்வது. இவை சில நிமிஷங்களிலேயே தொடங்கிவிடும். ஒரே கொட்டு போதும். அப்போது தேவை தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. 108ஐக் கூப்பிடுங்கள் அல்லது கையில் கிடைக்கும் வண்டியில் பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். அவர் பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் எது என்று மருத்துவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சில வகை மாத்திரைகள் அட்ரினலினை முழுதாக வேலை செய்ய விடாது.

ஒவ்வாமையே இல்லாதவர்களுக்கும் ஐம்பது, நூறு என்று கொட்டு விழுந்தால் விஷத்தின் அளவே ஆபத்து. சிறுநீர் காபி நிறத்தில் போனால் சிறுநீரகம் அடிபடுகிறது என்று அர்த்தம். ஒரு நாள் கழித்துக்கூட அது தெரியவரலாம்.

சுண்ணாம்பு வேண்டாம். தேனீ கொட்டினால் அமிலம், அதன்மேல் காரம் தடவினால் சரியாகிவிடும் என்று பாடப்புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். ஆனால் வலியை உண்டாக்குவது மெலிட்டின் முதலான புரதக்கூறுகள். அவை தோலுக்கு அடியில் போய்விட்டன. மேலே தடவும் சுண்ணாம்பு தோலைப் பொத்தலாக்குமே தவிர அவற்றைத் தொடாது. செய்ய வேண்டியது கொடுக்கை உடனே எடுப்பது. தேனீயின் கொடுக்கில் ரம்பம் மாதிரி பின்னோக்கிய முட்கள் இருப்பதால் அது நம் தோலில் மாட்டிக்கொண்டு, விஷப்பையோடும் நரம்பு முடிச்சோடும் தேனீயின் உடம்பிலிருந்து பிய்ந்து வந்துவிடும். தேனீ போன பிறகும் அந்தப் பை தானாகத் துடித்துத் துடித்து விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். கூர்ந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியும். கிள்ளி எடுக்கக் கூடாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று முன்பு சொல்வார்கள். 1996இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, எப்படி எடுக்கிறோம் என்பதில் வித்தியாசம் இல்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு என்று காட்டியது. சுரண்டுவதற்கு ஏ.டி.எம். அட்டையைத் தேடி உள்ளே ஓட வேண்டாம், நகத்தாலேயே எடுத்துவிடலாம். பிறகு ஐஸ். எடுத்ததும் அங்கே நிற்கக் கூடாது. கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசனை ஒன்று கிளம்பும், மற்ற தேனீக்களுக்கு அது அழைப்பு. முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். தேனீக்கள் நம் மூச்சுக்காற்றைக் குறிவைத்து மூக்கையும் வாயையும் நோக்கி வரும். மைக்கேல் ஸ்மித் என்ற ஆராய்ச்சி மாணவர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உடம்பின் 25 இடங்களில் தன்னைத்தானே கொட்டவிட்டு மதிப்பெண் போட்டார். மூக்குத் துவாரம்தான் முதலில் வந்தது, அடுத்து மேலுதடு.

கடைசியாகக் கூடு. திறந்த வெளியில் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குகிறது என்றால் அது மலைத்தேனீ. பல்லாயிரம் தேனீக்கள் இருக்கும். கொளுத்தச் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: மலைத்தேனீ இரவில் வெளிச்சத்தை நோக்கி வரும். எங்கள் தெருவில் ஓர் அடுக்ககத்தில் இப்படித்தான் பந்தம் கட்டிக் கொளுத்தினார்கள். கலைந்த தேனீக்கள் விளக்கெரிந்த ஒரே இடமான வாசல் செக்யூரிட்டி கூண்டில் போய் விழுந்தன. மேலே முடிவெடுத்தவர்கள் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். இரவு வேலையில் இருந்த முதியவருக்கு யாரும் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. முகமும் கழுத்துமாக வாங்கிக்கொண்டு அவர் நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மலைத்தேனீ இடம் மாறிக்கொண்டே இருப்பது. பூ குறைந்ததும் தானாகவே கிளம்பிவிடும். ஆறாவது மாடியில், யாரும் புழங்காத பக்கம் என்றால் அதுவரை விட்டுவிடலாம். அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்குக் கொசுவலை போடுங்கள், பால்கனி விளக்கை அணைத்து வையுங்கள், தீபாவளி ராக்கெட்டை அந்தத் திசையில் விட வேண்டாம். மாமியார் துணியை வீட்டுக்குள் உலர்த்தட்டும். கூடு ஆள் நடமாடும் பால்கனியை ஒட்டி இருந்தாலோ, கட்டடத்தில் யாருக்காவது ஏற்கெனவே மூச்சடைப்பு வந்திருந்தாலோ எடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கொளுத்தாமல் பிரித்தெடுக்கத் தெரிந்த தேனீ வளர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பணம் கொஞ்சம் கூட ஆகும். எந்த இரவு, எத்தனை மணி என்பதை எல்லா வீடுகளுக்கும், செக்யூரிட்டி, தோட்டக்காரர், அதிகாலையில் வரும் பால்காரர் உட்பட எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழுவில் இந்தக் கடிதத்தை அப்படியே போடுவதானாலும் போடுங்கள்.