பெயர் மறைத்து எழுதும் இணையப் பயனரின் அடையாளத்தைச் செய்தியாளர் வெளியிடலாமா?

யாரென்று கண்டுபிடித்துவிட்டோம் என்பதே வெளியிடுவதற்குப் போதுமான காரணமாகாது. அவர் பொதுப் பதவியில் இருக்கிறாரா, பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறாரா, பிறரை மிரட்டுகிறாரா என்று பாருங்கள். பெயர் இல்லாமலே செய்தி நிற்கும் என்றால் பெயரை விட்டுவிடுங்கள். பல செய்திகளுக்கு 'ஓர் அரசு ஊழியர்' என்பதே போதும்.

அதிகம் சறுக்குவது ஆதாரத்தில்தான். ஒரே பயனர்பெயர், ஒத்த எழுத்துநடை, ஒரே ஊர் எல்லாம் துப்புகள், சான்றுகள் அல்ல. அதே பயனர்பெயரை வேறு தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிட்காயின் என்ற மின்னணு நாணயத்தை உருவாக்கியவர் இவர்தான் என்று அமெரிக்க இதழான நியூஸ்வீக் 2014-ல் ஒருவரைக் கைகாட்டியது. அவர் திட்டவட்டமாக மறுத்தார். அதற்குள் அவர் வீட்டு வாசலில் செய்தியாளர் கூட்டம் குவிந்துவிட்டது. இந்தப் பாதிப்பை எந்தத் திருத்தமும் ஈடுசெய்யாது.

கண்டுபிடித்த வழியும் நேர்மையாக இருக்க வேண்டும். 2009-ல் 'நைட்ஜாக்' என்ற புனைபெயரில் வலைப்பதிவு எழுதிய பிரிட்டன் காவலரை டைம்ஸ் நாளிதழ் அம்பலப்படுத்தியது. அதன் செய்தியாளர் அவருடைய மின்னஞ்சலுக்குள் அனுமதியின்றி நுழைந்திருந்தது பின்னர் தெரியவந்தது.

வெளியிடுவது என்று முடிவானால், முதலில் அந்தக் கணக்குக்கே தனிச்செய்தி அனுப்பிப் பதில் கேளுங்கள். அலுவலகத்துக்கோ குடும்பத்துக்கோ முதலில் அழைத்தால், அச்சாகும் முன்பே அவர் அம்பலமாகிவிடுவார். திரைப்பிடிப்புகளில் முகவரி, வண்டி எண், பிள்ளைகளின் முகம் ஆகியவற்றை முழுக் கறுப்பால் மறையுங்கள்.