பழனிக்கு முதல் தடவை நடக்கிறேன்: குழுவில் சேர வேண்டுமா, நண்பர்களாகவே போய்விடலாமா?

நண்பர்கள் மூன்று பேர், தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடக்க ஆசை, கூகுள் மேப்பில் வழி தெளிவாக இருக்கிறது, அப்புறம் எதற்கு ஒரு பாதயாத்திரைக் குழுவுக்குத் தலைக்கு இரண்டாயிரம் ரூபாய் கட்டி, குருசாமி என்று ஒருவர் சொல்கிறபடி எழுந்து, உட்கார்ந்து, நடக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பக்தியோடு கேட்டிருக்கிறீர்கள், குறை சொல்லவில்லை. ஆனாலும் அந்த இரண்டாயிரம் ரூபாய்ப் பேச்சு எனக்குச் சுருக்கென்றது. அப்படி ஒரு குழுவில் கடைசி ஆளாக நடப்பவன் நான்.

கடைசி ஆள் என்றால் நடக்க முடியாமல் பின்தங்கியவன் என்று நினைக்க வேண்டாம். குழுவுக்கு முன்னால் வேல் எடுத்துக்கொண்டு ஒருவர் போவார். எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டு ஒருவன் பின்னால் வருவான். கையில் டார்ச், கழுத்தில் விசில், தோளில் மருந்துப் பை. எனக்குப் பின்னால் எங்கள் ஆள் யாரும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் வேலை. யாராவது உட்கார்ந்தால் நானும் உட்கார வேண்டும். டீ குடிக்க நின்றால் நானும் நிற்க வேண்டும். இதற்குச் சம்பளமும் கிடையாது, சலுகையும் கிடையாது. எல்லோரையும் போல நானும் பணம் கட்டித்தான் வருகிறேன். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், குழுக்காரன் குழுவுக்குத்தானே பேசுவான் என்று ஒருவர் கிளம்பி வருவார்.

வழியைப் பற்றி நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு, சின்னாளபட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி, பழனி. சுமார் 120 கிலோமீட்டர். இதில் தொலைந்துபோக இடமே இல்லை. தை மாதத்தில் திண்டுக்கல்லைத் தாண்டிவிட்டால் மேப்பே வேண்டாம், முன்னால் போகும் பச்சை வேட்டியைப் பார்த்துக்கொண்டே போய்ச் சேரலாம். சாலையோரம் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று தனி நடைபாதைகூடப் போட்டிருக்கிறார்கள். வழி காட்ட ஆள் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். ஆனால் நாங்கள் யாருக்கும் வழி காட்டுவதே இல்லை.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் குழுவில் ஒரு பையன் வந்தான். பையன் என்றால் முப்பது வயசு இருக்கும். சென்னையில் ஐடி வேலை, எங்கள் சாமி ஒருவருக்கு மச்சினன். (மாலை போட்டவர்கள் ஒருவரை ஒருவர் சாமி என்றுதான் கூப்பிடுவோம். அவன் மட்டும் கடைசிவரை எல்லோரையும் அண்ணே என்றான், போகட்டும்.) முதல் நாள் வாடிப்பட்டிக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் மண்டபத்தில் காலை நீட்டிப் படுத்திருந்தான். இரண்டாம் நாளும் அப்படித்தான். "என்னண்ணே, இவ்வளவு ஸ்லோவா வர்றீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். என்னைப் பார்த்து! சிரித்துவிட்டு விட்டேன்.

திண்டுக்கல் வரை புது ஷூ. அங்கே எவரோ, வெறுங்காலில் நடந்தால்தான் பலன் என்று சொல்லியிருக்கிறார். ஷூவைக் கழற்றி வண்டியில் போட்டுவிட்டான். ஏற்கெனவே ஷூவுக்குள் வெந்த கால், அப்புறம் நடுப்பகல் தார் ரோடு. ஜனவரியிலும் பதினொரு மணிக்கு மேல் தார் சுடும். ரெட்டியார்சத்திரம் தாண்டி இருட்டிய பிறகு முன்னால் ஒரு உருவம் நொண்டுவது தெரிந்தது. கிட்டே போனால் இவன். பாதத்தின் முன்பக்கம், பெருவிரலுக்குக் கீழே, எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி ஒட்டியது போல ஒரு கொப்புளம். குதிகாலில் இன்னொன்று ஏற்கெனவே உடைந்து தோல் மடங்கிக் கிடந்தது.

எங்களோடு வரும் டாடா ஏஸை வரச் சொல்லட்டுமா என்றேன். ஏற மாட்டேன் என்றான். அவன் அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நேர்ந்துகொண்டது, முழுத் தூரமும் நடக்காவிட்டால் தெய்வக்குற்றம் ஆகிவிடும் என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டான். எனக்கு வாதாடத் தெரியாது. குருசாமிக்குப் போன் போட்டேன்.

எங்கள் குருசாமி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நீளமாகப் பேச மாட்டார். "பக்கத்துல கல்லு இருக்கா?" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒட்டன்சத்திரம் 9 என்று இருந்தது. "அதைக் குறிச்சுக்க. சாமிய வண்டியில ஏத்தி அனுப்பு. கால கழுவிக் கட்டுப்போட்டுத் தூங்கட்டும். காலையில ரெண்டரை மணிக்கு வண்டி அதே கல்லுக்கிட்ட எறக்கி விடும். அங்கேருந்து நடக்கச் சொல்லு. ஒரு அடி கொறையாது."

பையன் போனை வாங்கி, "நிஜமாவா சாமி?" என்றான். அந்த ஒரு தடவைதான் சாமி என்று சொன்னான் என்று நினைக்கிறேன்.

அப்படியே நடந்தது. அதாவது, நான் ராத்திரி அந்த 9 கிலோமீட்டரை நடந்து ஒட்டன்சத்திரம் போய், அரைத் தூக்கத்தில் எழுந்து, அவனோடு வண்டியில் திரும்பி வந்து, அதே 9 கிலோமீட்டரை மறுபடியும் நடந்தேன். அவனைத் தனியாக விட முடியாது. ஒட்டன்சத்திரம் பெரிய காய்கறிச் சந்தை. கேரளாவுக்குப் போகிற லாரி, சந்தைக்கு வருகிற லாரி என்று விடியற்காலையில்தான் அந்தச் சாலை உயிரோடு இருக்கும். டிரைவர்கள் பாதிப் பேர் ராத்திரி பூராவும் கண் விழித்தவர்கள். நடைபாதையில் போ என்றால் கல் குத்துகிறது என்று வெள்ளைக்கோட்டுக்கு வந்துவிடுவான். வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தெரியும், சாலை ஓரத்து வெள்ளைப் பெயின்ட் தாரைவிட வழவழப்பு, வெயிலில் சூடும் குறைவு. கால் தானாக அதைத் தேடிப் போகும். லாரி டயரும் அங்கேதான் வரும். ஒளிரும் பட்டையைப் போட்டுக்கொண்டு சாலைப் பக்கம் நான், உள்பக்கம் அவன். வெள்ளைக்கோடு அன்று எனக்குத்தான்.

ஒட்டன்சத்திரம் போய்ச் சேரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. குழு எப்போதோ கிளம்பிவிட்டது. எங்களுக்கு இட்லியைப் பொட்டலம் கட்டி டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்புறம் விருப்பாட்சி, சத்திரப்பட்டி என்று மெதுமெதுவாக, நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்து, ஆயக்குடியில் கொய்யா வாங்கித் தின்று, ராத்திரி பழனி சேர்ந்தோம். என் வேல், என் குழு எல்லாம் அடிவாரத்துக்குள் நுழைகிற நேரத்தில் நான் எங்கேயோ ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் அவன் காலுக்குப் பஞ்சு சுற்றிக்கொண்டிருந்தேன். பரவாயில்லை, வேலையே அதுதான்.

சரி, இவ்வளவும் எதற்குச் சொன்னேன்? ஊருக்குப் போனதும் அந்தப் பையன் முகநூலில் எழுதினான். தலைப்பு, "தனியாக நடந்த கடைசி நாள்". முதுகைக் காட்டி, வெள்ளைக்கோட்டு ஓரமாக, விடியல் வெளிச்சத்தில் அவன் நடக்கும் படம். நன்றாகத்தான் இருந்தது. எடுத்தது நான். கடைசியில் ஒரு வரி: குழு, கட்டணம் எல்லாம் தேவையில்லை, மனசு இருந்தால் முருகன் கூட்டிக்கொண்டு போவான். கீழே நூறு பேர் கெத்து ப்ரோ. உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அதுதான். அவனை மாதிரி ஆட்கள் எழுதுவதைப் படித்துத்தான் நீங்கள் இப்படிக் கேட்கிறீர்கள் என்று தோன்றியது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

இரண்டாயிரம் எங்கே போகிறது என்றால், வண்டி வாடகை, டீசல், சமையல்காரர், அரிசி பருப்பு, சிலிண்டர், மண்டப வாடகை, மருந்து. அன்னதானம்தான் வழியெங்கும் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கும், வயிறு காயாது. ஆனால் உங்களுக்குப் பசிக்கும் இடத்தில் கிடைக்குமா என்பது வேறு விஷயம். படுக்க இடம் இன்னும் கஷ்டம். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒட்டன்சத்திரத்தில் ராத்திரி பத்து மணிக்குப் போய் மண்டபம் தேடிப் பாருங்கள். பெண்கள் வந்தால் கழிப்பறை பெரிய தலைவலி. எந்தப் பெட்ரோல் பங்கில் மனசு வைத்துத் திறந்துவிடுவார்கள், எங்கே பூட்டு போட்டிருப்பார்கள் என்பதெல்லாம் வருஷா வருஷம் போகிறவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் குழுவில் வரும் அக்காமார்களிடம் கேட்டால், இந்த ஒரு காரணத்துக்கே பணம் கொடுக்கலாம் என்பார்கள்.

மூன்று நண்பர்களாகப் போவதில் இன்னொரு சங்கடம். மூன்று பேருக்கும் மூன்று வேகம். ஒருவனுக்குக் கால் போய்விட்டால் மற்ற இருவரும் என்ன செய்வீர்கள்? ஒருவன் அவனோடு நின்று, ஒருவன் மட்டும் போவானா? அல்லது மூவரும் பஸ் ஏறுவீர்களா? சண்டை அங்கேதான் வரும். நடந்து போய்ப் பேசாமல் திரும்பி வந்த நண்பர்களை எனக்குத் தெரியும்.

எல்லாக் குழுவும் ஒழுங்கு என்று நான் சொல்லவே இல்லை. வண்டியில் ஆளுயர ஸ்பீக்கரைக் கட்டி ராத்திரி ஒரு மணிக்கு ஊரையே எழுப்பிக்கொண்டு போகிற குழுக்கள் இருக்கின்றன. முருகனைத் தபால்தலை அளவில் போட்டு, மற்ற இடமெல்லாம் தலைவர் படமாக பிளக்ஸ் அடிக்கிற குழுக்கள் இருக்கின்றன. சாப்பிட்ட தட்டை வயலில் வீசிவிட்டுப் போகிறவர்களும் குழுக்காரர்கள்தான். எப்படி நடக்க வேண்டும் என்று பார்க்க ஆசையிருந்தால் நகரத்தார் காவடியைப் பாருங்கள். நானூறு வருஷத்துக்கு மேலாகப் போய்க்கொண்டிருப்பதாகச் சொல்வார்கள். குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகச் சர்க்கரைக் காவடி எடுத்துப் பழனிக்கு நடந்து, நடந்தே திரும்பவும் செய்வார்கள். நாமெல்லாம் வரும்போது பஸ். எங்கே தங்குவது, எப்போது கிளம்புவது எல்லாம் அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக முடிவான விஷயம். அதன் முன்னால் எங்கள் குழு நேற்றுப் பிறந்த குழந்தை.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்க வேறு ஆள் இல்லை. 2021-இல்தான் தைப்பூசத்துக்குத் தமிழ்நாட்டில் அரசு விடுமுறை விட்டார்கள். சந்தோஷம். ஆனால் நான் வேலை பார்ப்பது தனியார் கம்பெனி. நடக்க நாலு நாள், கால் ஆற இரண்டு நாள். லீவு கேட்டால் மேலதிகாரி, "கோயிலுக்குத்தானே, ஒரு நாள் கார்ல போயிட்டு வாங்க" என்கிறார். அதே மனிதர் மலையேற்றத்துக்கு இமயமலை போய்விட்டு வந்து, ஆபீஸில் புரொஜெக்டர் போட்டு எல்லோரையும் உட்கார வைத்துப் படம் காட்டினார். கைதட்டினோம். அதுவும் நடைதான், இதுவும் நடைதான். அவருடையது சாதனை, என்னுடையது லீவு எடுக்க ஒரு சாக்கு. ஒரு வருஷம் வீங்கிய காலோடு போனபோது மெடிக்கல் சர்ட்டிபிகேட் கேட்டார்கள். எந்த டாக்டர் எழுதுவார், நோய்: பழனி என்று?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். திண்டுக்கல் பக்கத்து ஆளாக இருந்து, சொந்தக்காரர் வீடு வழியில் இருந்து, ஏற்கெனவே ஒரு தடவை நடந்தவர் என்றால் தாராளமாகத் தனியாகப் போங்கள், நானே வழியனுப்புவேன். முதல் தடவை, அதுவும் மதுரையிலிருந்து என்றால் குழுவோடு போங்கள். சேரும் முன் குருசாமி யார், எத்தனை வருஷம் என்று கேட்பதைவிட, கடைசியில் யார் நடக்கிறார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்தக் குழு வேண்டாம்.

புது ஷூ வேண்டாம். நடந்து பழகிய செருப்பு போதும். சர்க்கரை வியாதி இருந்தால் வெறுங்கால் பேச்சே வேண்டாம், எந்தச் சாமியும் அதைக் கேட்கவில்லை. கொப்புளத்தில் ஊசியால் நூல் கோத்து விடும் வைத்தியம் வழியெல்லாம் சொல்வார்கள். மருத்துவ முகாமில் இருக்கிற டாக்டரிடம் காட்டுங்கள், நூலைப் பார்த்தாலே அவர்கள் திட்டுகிறார்கள். காலை மூன்று மணிக்குக் கிளம்பிப் பத்துக்குள் நிறுத்திவிட்டு, சாயங்காலம் மீதியை நடக்க வேண்டும். பழனியில் 2023 அக்டோபரிலிருந்து மலைக்கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை, கீழேயே கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். அதனால் மேலே போன பிறகு யாரையும் கூப்பிட முடியாது. எங்கள் ஆட்களுக்கு, தரிசனம் முடிந்து இறங்கியதும் பாத விநாயகர் கோயில் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். நீங்கள் மூன்றே பேர் என்றாலும் இப்படி ஒரு இடம் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பக்தியை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: எங்கள் வரவு செலவு நோட்டு குருசாமி வீட்டில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். போன வருஷம் மிஞ்சியது நானூற்றுச் சொச்சம் ரூபாய். அதற்கும் பஞ்சாமிர்தம் வாங்கி டிரைவருக்குக் கொடுத்தாயிற்று.