வால்வு மாற்றுவதற்கு முன் மீட்டரை எடுங்கள்: வாசகர் கேள்விகள்

கானாடுகாத்தான் வாசகர்: எங்கள் ஆம்பில் (ஆம்ப்ளிஃபயர்) உள்ள வால்வுகள், அதாவது கண்ணாடிக் குழாய்கள்: இசிசி83 இரண்டு, இஎல்84 நான்கு. கடையில் 12ஏஎக்ஸ்7, 6பிக்யூ5 என்று தருகிறார்கள். போடலாமா?

தாராளமாகப் போடலாம். ஒரே வால்வுக்கு ஐரோப்பாவில் ஒரு பெயர், அமெரிக்காவில் ஒரு பெயர், அவ்வளவுதான்.

பள்ளத்தூர் வாசகர்: ஹை-ஃபைக்கு எந்த வால்வு நல்லது?

ஆம்ப் என்ன ஆம்ப் என்று எழுதவில்லை. வால்வு நம்பர் இல்லை, பிளேட் (வால்வுக்குள் உள்ள உலோகத் தகடு) வோல்டேஜ் இல்லை. இதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த ஆம்புக்கு எந்த வால்வு என்பதை அதை வடிவமைத்தவர் முடிவு செய்துவிட்டார், அதே நம்பரைத்தான் போட வேண்டும். சாக்கெட் பக்கத்தில் எழுதியிருக்கும் நம்பரைக் குறித்து மறுபடி எழுதுங்கள்.

காரைக்குடி வாசகர்: முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய ரேடியோ சாமான்களோடு பிசிஎல்82 நான்கு கிடைத்தது. என் செட்டில் இசிஎல்82. பின் எல்லாம் சரியாக உட்கார்ந்தது, ஆனால் சத்தமே வரவில்லை. வால்வு செத்ததா?

வால்வு சாகவில்லை, நீங்கள் முதல் எழுத்தைப் பார்க்கவில்லை. ‘இ’ என்றால் ஹீட்டர், அதாவது வால்வைச் சூடாக்கும் இழை, 6.3 வோல்ட். ‘பி’ என்றால் பழைய டிவி செட்டில் தொடராக மாட்டிய 300 மில்லி ஆம்பியர் ரகம். பிசிஎல்82-க்கு ஹீட்டர் 16 வோல்ட் வேண்டும். 6.3 வோல்ட் கொடுத்தால் வேலை செய்யும் அளவுக்குச் சூடேறாது. யூசிஎல்82 என்று ஒன்று உண்டு, அதற்கு 50 வோல்ட். சாக்கெட்டில் உட்கார்ந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்த முறை சேதம் இல்லை, அடுத்த முறை டிரான்ஸ்ஃபார்மர் போகும்.

தேவகோட்டை வாசகர்: இஎல்34 ஒரு ஜோடி, ஆன் செய்து பத்து நிமிடத்தில் ஒன்று மட்டும் பிளேட் சிவக்கிறது. மெக்கானிக் மூன்று முறை ஜோடி மாற்றிவிட்டார். இப்போது ‘நல்ல கம்பெனி’ ஜோடி வாங்கச் சொல்கிறார்.

வாங்காதீர்கள். இந்த விஷயத்தில் எனக்குப் பல வருட ஆதங்கம் இருக்கிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். மூன்று ஜோடியிலும் சிவந்தது ஒரே சாக்கெட்டில் இருந்த வால்வா? ஆமாம் என்றால் குற்றம் சாக்கெட்டுக்கு முன்னால் இருக்கிறது. பத்துக்கு எட்டு செட்டில் அது இரண்டு வால்வுகளுக்கு நடுவே இருக்கும் கப்ளிங் கண்டன்சர்தான். முன் வால்வின் பிளேட்டில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. அதைத் தடுத்துப் பாட்டை மட்டும் விடுவது அந்தக் கண்டன்சரின் வேலை. நாள்பட்டு அது கசிந்தால் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) பாசிட்டிவ் வோல்டேஜ் போய்ச் சேரும். கிரிட்டில் இருக்க வேண்டிய மைனஸ் குறைந்து, கரண்ட் ஏறி, 25 வாட் தாங்கும் பிளேட் அதற்கு மேல் வாங்கிச் சிவக்கும். அதில் எந்த நாட்டு வால்வைப் போட்டாலும் சிவக்கத்தான் செய்யும்.

பத்து வருடத்துக்கு முன் எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டில் இதே கதை. ஆச்சி தினமும் சாயங்காலம் வளவில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் செட். மெக்கானிக் ஒருவர் ‘நாலு வால்வும் போச்சு’ என்று சொல்ல, நானும் நம்பி இரண்டு ஜோடி வாங்கினேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், புது வால்வின் பிளேட் ஓரத் தையலில் நகக்கீறல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அப்புறம்தான் மீட்டரை எடுத்தேன். ஒரு சாக்கெட்டில் ஐந்தாம் பின்னில், அதாவது கிரிட்டில், மைனஸ் 36 வோல்ட், பக்கத்துச் சாக்கெட்டில் மைனஸ் 22. மெழுகு பூசிய பழைய காகிதக் கண்டன்சர் நான்கையும் மாற்றினேன், ஒன்று ஐம்பது ரூபாய்கூட ஆகவில்லை. பழைய வால்வுகளையே திரும்பப் போட்டேன். இன்றைக்கும் அவைதான் பாடுகின்றன.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பவர் வால்வுகளை (ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்34) கழற்றிவிட்டு ஆன் செய்து, ஒவ்வொரு சாக்கெட்டிலும் ஐந்தாம் பின்னை அளந்து பாருங்கள். பயாஸ் என்பது கிரிட்டில் நிற்க வேண்டிய அந்த மைனஸ். அதைத் தனியாகக் கொடுக்கும் ஃபிக்ஸட் பயாஸ் என்றால் எல்லாவற்றிலும் ஒரே மைனஸ் இருக்க வேண்டும். வால்வின் கேத்தோடில் உள்ள ரெசிஸ்டரே அதை உண்டாக்கும் கேத்தோடு பயாஸ் என்றால் பூஜ்யம். அரை வோல்ட் பாசிட்டிவ் காட்டினாலும் கண்டன்சரை மாற்றுங்கள், 630 வோல்ட் ரகமாக. அப்புறம் பயாஸ்: பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால் வால்வுக்கு 40 மில்லி ஆம்பியர் அளவில் நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. செட்டை அணைத்த பிறகும் ஃபில்டர் கண்டன்சரில் 400 வோல்ட் நிற்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். பழக்கம் இல்லாதவர் அடிப்பலகையைத் திறக்கவே வேண்டாம்.

கண்டனூர் வாசகர்: சிங்கப்பூரிலிருந்து மச்சான் புதிய பெட்டியில் முல்லார்ட் வால்வு கொண்டுவந்தார். ஒரிஜினலா?

பழைய முல்லார்ட் இங்கிலாந்தில், பெரும்பாலும் பிளாக்பர்ன் ஆலையில் செய்தது. இன்று அந்தப் பெயர் ஓர் அமெரிக்கக் கம்பெனியிடம் இருக்கிறது, வால்வு ரஷ்யாவில் தயாராகிறது. அது மோசமான வால்வு இல்லை, போடுங்கள். பழைய சரக்கின் விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பழையதில் கண்ணாடியின் அடியில் பொடி எழுத்தில் ஆலைக் குறியீடு பொறித்திருக்கும். மேலே அச்சடித்த பெயரை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.

கோட்டையூர் வாசகர்: இரண்டாம் கட்டு அறைப் பெட்டியில் பெல் என்று போட்ட வால்வுகள் உள்ளன. உபயோகப்படுமா? எத்தனை காலம் உழைக்கும்?

நல்ல சரக்கு. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961 முதல் ரேடியோ வால்வு செய்தது. உள்ளே வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் பத்திரப்படுத்துங்கள். பால் வெள்ளையாகிவிட்டிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அதைத் தூக்கி எறிந்துவிடலாம். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், நம்பர் அழிந்துபோகும்.

ஆயுள்: சின்ன வால்வு பத்தாயிரம் மணி நேரம்கூடப் போகும், பவர் வால்வு இரண்டு மூன்றாயிரம். ஆனால் உங்கள் வீட்டில் ராத்திரி 250 வோல்ட் வந்து, டிரான்ஸ்ஃபார்மர் 220 முனையில் இருந்தால், ஹீட்டருக்கு 6.3-க்குப் பதில் ஏழு வோல்ட்டுக்கு மேல் போகும். 240 அல்லது 250 முனைக்கு மாற்றுங்கள். இதற்கும் மீட்டர்தான் வேண்டும்.

செக்காலை வாசகர்: 12ஏஎக்ஸ்7-க்குப் பதில் 12ஏயூ7 போட்டால் இரைச்சல் குறையுமா?

பெருக்கம் நூறிலிருந்து இருபதுக்கு இறங்கும், இரைச்சலோடு பாட்டும் இறங்கும். சர்க்யூட்டும் அதற்கு அமைத்ததில்லை. கொஞ்சம் குறைத்தால் போதும் என்றால் 5751 போடுங்கள், எழுபது. அதற்கு முன் சாக்கெட் பின்களைச் சுத்தம் செய்யுங்கள்.

புதுவயல் வாசகர்: மைக் செட் ஆம்பை வீட்டுக்கு வைத்திருக்கிறேன். 6எல்6 இடத்தில் இஎல்34 போடலாமா?

அப்படியே போடக்கூடாது. 6எல்6 ஹீட்டர் 0.9 ஆம்பியர், இஎல்34 ஒன்றரை. இரண்டு வால்வுக்கு ஒரு ஆம்பியருக்கு மேல் கூடுதலாக இழுக்கும். ஒன்றாம் பின்னை எட்டோடு இணைக்க வேண்டும், பயாஸையும் திருத்த வேண்டும். ஸ்பீக்கர் மாட்டாமல் ஆன் செய்யவே கூடாது, இது எல்லாருக்கும்தான். டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஹீட்டர் ஆம்பியர் எழுதியிருந்தால் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.